காது வைத்த டேப்

மார்ச் 4

அண்ணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. பதினான்கு மாதமாக நீ எட்டிப் பார்க்கவில்லை. கடைசியாக வந்தபோது என் கால் மாவுக்கட்டில் இருந்தது. நீ போர்டிகோவில் குந்திக்கொண்டு என் பைக்குக்கு சர்வீஸ் செய்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, "கால் சரியானதும் ஓட்டு, வண்டி ரெடி"ன்னு சொல்லிவிட்டுப் போனாய். போனவன் போனவன்தான். அணை கட்டுகிற இடத்தில் போன் எடுக்காது, சரி. கை கூடவா எழுதாது?

எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன், பாசம் பொங்கி அல்ல.

பழைய லேப் மேடம் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற என் பழைய வேலை மறுபடி காலியாகிறதாம். ஏப்ரல் 21, திங்கட்கிழமை. அன்றைக்குக் காலையில் எட்டரைக்குள் பைக்கோடு வந்து நின்றால் வேலை எனக்கு. வரவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துவிடுவார். இரண்டாவது முறை கேட்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே இல்லை. கிக்கரை உதைக்கச் சொல்லி எழுதாதே. வலது கணுக்காலில் பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கின்றன. நடக்கலாம், உதைக்க முடியாது. ஒரு தடவை யாராவது உதைத்துக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு போகணும், பதினைந்து வாசலிலும் யாரைக் கூப்பிடுவேன்? தள்ளி ஸ்டார்ட் செய்யவும் சொல்லாதே. தெரு முழுக்க ஜல்லி. அதற்கு முன்னால் கேட் பூட்டியிருக்கிறது.

ஆமாம், பூட்டு. நாற்பது மனையில் ஆறு வீடுதான் எழும்பியிருக்கிறது, திருட்டு பயமாம். ஒரு சாவி உன் மாப்பிள்ளையிடம். இன்னொன்று அத்தை இடுப்பில், தண்ணீர் லாரி வரும்போது திறக்க. எனக்கு எதற்குச் சாவி? "எங்க போகணும்னு சொல்லும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்." இப்படித்தான் சொல்வார். கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். விழுந்தபோது உடைந்த என் போனுக்குப் பதில் வேறொன்று வாங்கித் தருவதாகப் பதினான்கு மாதமாகச் சொல்கிறார். மெக்கானிக்கும் பதினான்கு மாதமாக வந்துகொண்டே இருக்கிறான். யாரிடம் சொன்னாலும் "எவ்வளவு நல்ல மனுஷன், உனக்கென்ன குறை"ன்னு என்னைத்தான் கேட்பார்கள்.

அதனால் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று மட்டும் எழுது. பதிலை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதே, டைலர் அக்கா பெயருக்கு அனுப்பு. ரவிக்கைப் பார்சலுக்குள் வைத்து காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நீட்டுவாள்.

இன்னும் உன் தங்கைதான்,
சுண்டெலி


மார்ச் 10

சுண்டெலிக்கு,

கடிதம் சனிக்கிழமை மளிகை வண்டியில் வந்தது. புதனும் சனியும்தான் இங்கே தபால். எழுதாதது தப்புதான். இங்கே தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர், மூன்று கம்ப்ரசர், உடைந்த லாரிகள். வெளியே போக ஒரே ரோடு, அதில் ஒரு செக்போஸ்ட். என்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் லீவு. அவர் கையெழுத்துப் போடும் நாளில் சூரியன் மேற்கே உதிக்கும்.

கால் எப்படி? ரொம்ப நேரம் நிற்காதே.

வண்டி பற்றி. பதினான்கு மாதம் சும்மா நின்றால் பேட்டரி செத்திருக்கும். முதலில் அதைச் சார்ஜ் போடு. சீட்டைத் தூக்கினால் இருக்கும். கறுப்பு ஒயரை முதலில் கழற்று, பிறகு சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில். மாற்றிச் செய்யாதே.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கோபப்படாதே. மாப்பிள்ளை பயப்படுவதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீ ஜல்லியில் விழுந்த அன்று அவர் முகத்தை நான் பார்த்தேன். வேலைக்குத்தான் போகணுமா? வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமே.

ஆனாலும் பேட்டரியைப் பார்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

வீட்டிலிருந்தே ரத்தம் எடுக்கச் சொல்கிறாயா? வீட்டில் இருப்பது அத்தையும் அவரும்தான். எடுக்கலாம், ஆசையாகத்தான் இருக்கிறது.

பேட்டரி கதையைக் கேள். திங்களும் வியாழனும் தண்ணீர் லாரி வரும். லாரிக்காரர் குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு, நிறைகிற வரைக்கும் உலக நடப்பு பேசுவார். அவரிடம் பேட்டரியைப் பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தேன். "குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கே தங்கச்சி"ன்னார். திங்கட்கிழமை சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தார். முனைகளுக்கு டேப் சுற்றியிருந்தார். அதைப் பிரிக்க நகத்தால் சுரண்டிச் சுரண்டி எனக்கு உயிர் போய்விட்டது. உன்னைப் போல டேப்பின் முனையை மடித்துக் காது வைக்க ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. "பிரிக்கப் போறவன் நகத்தைத் தேடக் கூடாது"ன்னு பெருமையாகச் சொல்வாயே, நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைக்கிற நேரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை. அத்தை சீரியல் பார்க்கிற நேரம். சத்தமில்லாமல் பேட்டரியை மாட்டினேன், சிவப்பு முதலில். சாவியைத் திருப்பினேன். நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. அழுதுவிட்டேன் அண்ணா, மறைக்க என்ன இருக்கிறது. கண்ணைத் துடைக்கப் போனவள் முழங்கையை ஹாரனில் வைத்துவிட்டேன். தெருவே அதிர்ந்தது. உள்ளே அத்தை "லாரி வந்துடுச்சா?"ன்னு கேட்டார். "இல்லை அத்தை"ன்னு சொன்னேன். பிறகு டி.வி. சத்தம் கூடியது. அவ்வளவுதான், எழுந்து வரவில்லை.

விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் கத்துகிறது. ஆனால் செல்ஃப் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே இல்லை. டக் என்றுகூட ஒரு சத்தம் இல்லை. கிளட்ச்சைப் பிடித்தேன், நியூட்ரலில் வைத்தேன், பிள்ளையாரைக் கும்பிடாததுதான் பாக்கி.

அடுத்து என்ன? இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

சுண்டெலி


மார்ச் 24

சுண்டெலி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பச்சை விளக்கு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

செல்ஃப் மோட்டாரைப் பார்க்கவேண்டும். என்ஜினுக்கு முன்னால் உருண்டையாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். இரண்டு போல்ட், எட்டாம் நம்பர் ஸ்பேனர். தடி ஒயரை எடுப்பதற்கு முன் பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றிவிடு, மறக்காதே. மூடியைத் திறந்தால் இரண்டு கார்பன் பிரஷ் இருக்கும், ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிற்கும். அவை சுண்டுவிரல் நக அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். நடுவில் செம்புத் தகடு கறுத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் தேய். தேய்த்த தூளைத் துணியால் துடை, வாயால் ஊதாதே. மூடும்போது பிரஷ் வெளியே துள்ளும், நூலால் கட்டிக்கொண்டு மூடு, பிறகு நூலை உருவு. ரப்பர் வளையத்தைத் தொலைத்துவிடாதே. அவசரப்படாமல் செய், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, பத்து நாள் ஆனாலும்.

மாப்பிள்ளைக்குத் தெரியுமா நீ வண்டியில் கை வைக்கிறது? தெரியாமல் பார்த்துக்கொள். அதாவது, வீண் சண்டை எதற்கு என்று சொல்கிறேன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் கம்பெனி சிமெண்டில்தான் இந்த அணை எழும்புகிறது. என்ஜினியரிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதும்தான் எனக்குக் கொட்டகையில் ஒரு கட்டில் கிடைத்தது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாகத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கிளட்ச்சைப் பிடித்துத்தான் அமுக்கினாயா? நல்லது. சரி. மோட்டாரைப் பார்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

மோட்டாரைக் கழற்றிவிட்டேன். அதைக் கழற்ற நான்கு நாள், பிரஷ் வர மூன்று நாள், மாட்ட இரண்டு நாள். தினமும் ஒன்றரை மணி நேரம். ஒரு போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. தேங்காய் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவைத்தேன். அன்றைக்கு என் தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்லை. அத்தை என் தலையைப் பார்த்தார், காலி புட்டியைப் பார்த்தார். என் நகத்தில் இருந்த கறுப்பையும் பார்த்தார். மறுநாள் குளியலறையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் துணி சோப்பும் இருந்தன. நான் வைக்கவில்லை.

பிரஷ் தேய்ந்துதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நக அளவுக்கு இல்லை, அதற்கு இரண்டு மடங்கு. ஓடக்கூடிய பிரஷ். இருந்தாலும் நீ சொன்னாயே என்று லாரிக்காரரிடம் சொல்லிப் புதிது வாங்கி வரச்செய்தேன். நூல் கட்டி மூடினேன். உன் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டேன். பட்டனை அமுக்கினேன். ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை லாரிக்காரரிடம் புலம்பினேன். தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. அவர் கேட்டார், "டக்குன்னு சத்தம் வருதா?" "வரலை." "அப்புறம் எதுக்கும்மா மோட்டாரைக் கழட்டுனீங்க?"

அவர் மெக்கானிக் இல்லை அண்ணா. தண்ணீர் ஊற்றுகிறவர். ரிலேயைக் காட்டச் சொன்னார். சீட்டுக்குக் கீழே, சோப்பு டப்பா மாதிரி, பட்டனை அமுக்கினால் டக்கென்று மோட்டாருக்குக் கரெண்ட்டை விடுவது. அதில் இரண்டு தடி போல்ட். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டையும் சேர்த்துத் தொட்டார். பொறி பறந்தது, மோட்டார் கிர்ரென்று சுற்றியது. "மோட்டார் ராஜா மாதிரி இருக்கு. டக் சத்தம் வந்து மோட்டார் சுத்தலைன்னாத்தான் அந்தப் பக்கம் போகணும். சத்தமே இல்லைன்னா ரிலேவுக்குக் கரெண்ட்டே வரலைன்னு அர்த்தம். பட்டன்ல இருந்து ரிலே வரைக்கும் எங்கேயோ கட். எங்க டிரைவருங்க எல்லாருக்கும் தெரியுமே இது"ன்னார்.

டக் என்றுகூடச் சத்தம் இல்லை என்று நான் மார்ச் 19-ஆம் தேதியே எழுதியிருந்தேன். நீ இருபது வருடமாக மெக்கானிக். ஸ்கூட்டர் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே கோளாறு சொல்கிறவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாதா? பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். யாருக்குப் பரவாயில்லை? எனக்கு ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஏன் அண்ணா என்னை மோட்டார் பக்கம் அனுப்பினாய்?

இன்று மாலை அவர் வந்ததும் தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த இரும்பை எடைக்குப் போட்டுட்டு உனக்கொரு தையல் மெஷின் வாங்கலாமா?"ன்னு கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எனக்கு மூச்சு முட்டியது. இந்த வீட்டில் ஜன்னல்கள் பெரியவை, காற்று நன்றாக வரும், வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

இருக்கை அடியில் நீ விட்டுப்போன டெஸ்ட் பல்ப் கிடைத்தது, கரெண்ட் வருகிற இடத்தில் தொட்டால் எரிவது. இனிமேல் உன்னைக் கேட்கப்போவதில்லை. பல்பைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 11

பல்ப் பொய் சொல்லவில்லை. ஒரு ஒயரை எர்த்தில் வைத்தேன். பட்டனுக்குப் பின்னால் தொட்டேன், எரிந்தது. ரிலே பக்கம் தொட்டேன், எரியவில்லை. நடுவில் ஒயர் ஹெட்லைட்டுக்குள் நுழைந்து போகிறது. கிளட்ச்சைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அதற்கான ஒயர் அது. ஹெட்லைட் வளையத்தைக் கழற்றினேன்.

ஒயர் அறுந்திருக்கவில்லை. தேயவில்லை, எலி கடிக்கவில்லை. இணைப்பை அழகாகப் பிரித்து, இரண்டு முனைக்கும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் ஓரமாக மடித்து வைத்திருந்தது.

இரண்டு டேப்பின் முனையும் மடித்திருந்தது. காது.

வேறு எழுத எனக்கு வரவில்லை.


ஏப்ரல் 12

சுண்டெலி,

உன் எட்டாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. அதற்குப் பிறகு நீ எழுதியிருந்தால் அது இன்னும் என் கைக்கு வரவில்லை. மளிகை வண்டி திரும்புவதற்குள் இதைக் கொடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் புதன்கிழமைக்குள் எனக்குத் தைரியம் போய்விடும்.

ஹெட்லைட்டைக் கழற்று. உள்ளே பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட ஒயர். இரண்டு முனை, டேப் சுற்றியிருக்கும். பிரித்து, ஒன்றில் ஒன்றைச் செருகு. வண்டி எடுக்கும். மோட்டாரில் ஒன்றும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

நான்தான் செய்தேன். நீ மாவுக்கட்டோடு உள்ளே படுத்திருந்தாய். மாப்பிள்ளை போர்டிகோவில் என் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "மச்சான், அவ சொன்னா கேக்க மாட்டா. கட்டைப் பிரிச்ச மறுநாளே வண்டியை எடுப்பா. ரெண்டு மாசம், ரெண்டே மாசம் ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஏதாவது பண்ணுங்க"ன்னார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உன் எலும்பு வெளியே தெரிந்ததை நானும் பார்த்தவன். இரண்டு நிமிட வேலை. இரண்டு மாதத்தில் நீயே பிரிக்கலாம் என்றுதான் காது வைத்தேன். அப்புறம் உள்ளே வந்து உன்னிடம் வண்டி ரெடி என்று சொன்னேன். சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு எழுதினேன். "அவசரப்படாதீங்க மச்சான், இப்பதான் நிம்மதியா இருக்கா"ன்னு பதில் வந்தது. அதோடு இந்த வேலைக்கான தாளும் வந்தது. அது லஞ்சம் என்று அவர் சொல்லவில்லை, நானும் அப்படி நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க வரமுடியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேனே, நான் லீவு கேட்டதே இல்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே இதை எழுதியிருக்கலாம். பேட்டரி என்று எழுதினேன். அது உண்மை, அதனால் கூச்சமில்லை. மோட்டார் என்று எழுதியது பொய். உனக்கு நாள் ஓடட்டும், தேதி தானாகக் கடந்துபோகட்டும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியிருக்காது என்று நினைத்தேன். நீ துருப்பிடித்த போல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதைப் படித்ததும் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். 21-ஆம் தேதிக்குள் இது உன் கைக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன்


ஏப்ரல் 23

அண்ணா,

உன் கடிதம் 16-ஆம் தேதி வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீயாக எழுதினாய் என்பதைத் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒயரை 11-ஆம் தேதியே சேர்த்தேன். கிளட்ச்சைப் பிடித்து அமுக்கினேன். டக். கிர்ர். இரண்டாவது தடவையில் எடுத்தது. நான் உடனே அணைத்துவிட்டேன். புகை போர்டிகோவில் நின்றது, துண்டை வீசி விரட்டினேன். அப்புறம் நான் செய்ததைக் கேள். மறுபடி ஒயரைப் பிரித்து, நீ சுற்றிய மாதிரியே டேப்பைச் சுற்றி, காதையும் மடித்து, ஹெட்லைட்டை மூடினேன். அவர் எப்போதாவது திறந்து பார்ப்பாரோ என்னவோ. பத்து நாள் என் கையாலேயே என் வண்டியைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். நீ செய்ததைக் கொஞ்சம் புரிந்துகொண்டது அப்போதுதான். சுற்றும்போது கை ரொம்ப பத்திரமாகச் சுற்றுகிறது. அதனால் கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

ஞாயிறு மதியம் அவர் தூங்கும்போது ஒயரைச் சேர்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கு லாரி வந்தது. அத்தை கேட்டைத் திறந்தார். நான் பழைய சீருடையைப் போட்டு, மேலே சேலையைச் சுற்றியிருந்தேன். சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுத் தார்ப்பாயை இழுத்தேன். அவர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்து அவர் பதறவில்லை. நுரையைத் துப்பிவிட்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்:

"அது ஸ்டார்ட் ஆகாதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிளட்ச்சைப் பிடித்து அமுக்கினேன். முதல் தடவையே எடுத்தது.

அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். கோபம்கூட இல்லை அண்ணா. வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாதபோது தேடுவோமே, அப்படிப் பார்த்தார். பிறகு, "அம்மா, கேட்டை மூடுங்க"ன்னு சத்தம் போட்டார். அத்தை கேட்டுக்குப் பக்கத்தில் லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "திறந்திருக்கிற கேட்டை மூட எனக்கு முழங்கால் வலிக்குதுப்பா, நீயே வந்து மூடு"ன்னார். அவர் செருப்பைத் தேடுவதற்குள் நான் ஜல்லியைத் தாண்டிவிட்டேன். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, முதல் கியரிலேயே மெயின் ரோடு வரை போனேன். எட்டு பத்துக்கு லேப் வாசல். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளே வா"ன்னு மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பதினொரு வீடு. பதினொரு தடவை ஸ்டார்ட்.

சாயங்காலம் திரும்பி வந்தேன். வேறு எங்கே போவேன்? சாப்பிடும்போது அவர், "யாரு சரி பண்ணுனது?"ன்னு மட்டும் கேட்டார். "நான்"ன்னு சொன்னேன். நம்பவில்லை. உன் பெயரைச் சொன்னார். அதையும் நான் மறுக்கவில்லை. நீயும் மாட்டிக்கொள்ளட்டும் என்று தோன்றியது. இரண்டு நாளாக வீட்டில் எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். அது எனக்குக் கூச்சலைவிடப் பயமாக இருக்கிறது.

உன் டேப் இரண்டு துண்டையும் இதற்குள் வைத்திருக்கிறேன். உன் பொருள், உன்னிடமே இருக்கட்டும்.

தங்கை


ஏப்ரல் 30

சுண்டெலி,

டேப் வந்தது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

நேற்று சைட் ஆபீஸுக்கு மாப்பிள்ளை போன் செய்தார். என்ஜினியர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். திட்டவில்லை. "நீங்க ஏன் மச்சான் இப்படிப் பண்ணுனீங்க"ன்னு வருத்தமாகக் கேட்டார். அப்புறம், "போகட்டும். வேற ஒரு வழி சொல்லுங்க, அவ கண்ணுல படாத மாதிரி"ன்னார். நான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், ஒரு இடம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "அவ கண்ணுல படாத இடம்னு அந்த வண்டியில இனிமே ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிவிட்டு வைத்தேன். என்ஜினியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்று காலை என் பெயர் கல் உடைக்கிற மெஷின் பக்கம் மாறியிருக்கிறது. அங்கே தூசிதான், வேறு ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாதே. நீ கவலைப்படப் போவதில்லை என்று தெரியும், வழக்கத்துக்கு எழுதினேன்.

நான் சொல்லாவிட்டாலும் அவர் வேறு யாரிடமாவது கேட்பார். அதனால் அந்த வண்டியை நிறுத்த எனக்குத் தெரிந்த எல்லா இடத்தையும் உனக்கு எழுதுகிறேன். ஏழு இருக்கிறது. முதலாவது, நாம் இருவரும் அறிந்த ஒயர். இரண்டாவது பேட்டரியின் கறுப்பு போல்ட். கால் சுற்று தளர்த்தினால் போதும், பார்வைக்குத் தெரியாது, விரலால் அசைத்துப் பார். மூன்றாவது ஃப்யூஸ், பேட்டரிக்குப் பக்கத்தில் சின்ன டப்பா; இருபது ஆம்பியர், எப்போதும் இரண்டு பையில் வைத்திரு. நான்காவது ரிலேயின் சாக்கெட், அரை விரல் இழுத்துவிட்டால் செத்த மாதிரிக் கிடக்கும். ஐந்தாவது பிளக் மேலே இருக்கும் தொப்பி. ஆறாவது டாங்குக்கு அடியில் பெட்ரோல் குழாய்த் திருகு. செல்ஃப் சுற்றும், வண்டியும் எடுக்கும், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், அதுதான் ரோட்டில் ஆபத்து, தினமும் பார். ஏழாவது சைலன்சர் வாயில் துணி.

இவற்றில் எதையும் செய்ய எனக்கு மூன்று நிமிடம் போதும். நீ சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுது. எழுதத் தோன்றினால்.

அண்ணன்


மே 9

அண்ணா,

தினமும் ஏழேகாலுக்கு ஏழு இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன். அத்தை காப்பியோடு வந்து பக்கத்தில் நின்று, "எத்தனை ஆச்சு?"ன்னு கேட்பார். "அஞ்சு அத்தை." "ம், பாரு." அவ்வளவுதான் பேச்சு. லாரி வராத நாளிலும் கேட்டைத் திறந்துவிடுகிறார்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. நான்தான் அநியாயமாகச் சந்தேகப்படுகிறேனோ என்று எனக்கே வெட்கமாக இருந்தது. நேற்று அவர் எனக்கு ஒரு புது போன்கூட வாங்கி வந்தார்.

இன்றைக்கு மூன்றாவது. டப்பா மூடியிருந்தது, உள்ளே ஃப்யூஸ் இல்லை. அவர் ஜன்னலில் நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன்.

நீ கேட்டாயே, நாற்பது விநாடி.

லேப்புக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறேன். சின்ன அறைதான், ஜன்னல்கூடக் கிடையாது. ஆனால் கதவு அகலமானது. வண்டியை உள்ளேயே ஏற்றி, என் கட்டில் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுண்டெலி